ரதம் நின்ற அஞ்சடி

எங்கள் சபைக்கு ஒரு கோயில், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தலைவர் என்று மூன்று சொத்துக்கள் இருந்தன. முதல் இரண்டையும் வைத்துக் காப்பாற்றுவது சுலபம். மூன்றாவதற்குத்தான் மாலை, பொன்னாடை, கைதட்டல், வாழைமரம் கட்டிய வளைவு என்று வருஷம் முழுக்க ஏதாவது தேவைப்பட்டது.

தலைவரின் பெயர் சொக்கநாதன். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொங்கான் படகுகளுக்கு ஆள் விடுகிற காண்ட்ராக்டர். பினாங்கில் ஏற்கெனவே ஒரு வெள்ளி ரதம் உண்டு. அதை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்வார்கள். மறு வருஷமே எங்கள் சபைக்கும் ஒரு ரதம் வந்துவிட்டது. மரத்தில் செய்து, மேலே தகரம் அடித்து, தகரத்துக்கு வெள்ளிப் பூச்சு கொடுத்த ரதம். பங்குனி உத்திரத்தன்று இரண்டு காளைகள் அதை இழுத்துக்கொண்டு கடைத்தெருவிலிருந்து ஆயர் ஈத்தாம் ரோட்டில் இருந்த தலைவரின் பங்களா வரைக்கும் போகும். முருகப்பெருமான் எதற்காக அவருடைய பங்களாவுக்குப் போகவேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. முருகனும் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்தில் சிவகாமி என்று ஒருத்தி இருந்தாள். பிள்ளைகளைக் கூட்டி வருவது அவளுடைய வேலை. பெண்பிள்ளைகளைத் தெருவில் தனியாக விடமாட்டோம் என்று பெற்றவர்கள் பிடிவாதம் பிடித்த காலத்தில் சபை அவளை வைத்தது. வீட்டு வாசலில் நின்று பிள்ளையின் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிடுவாள். தாயார் வந்து பிள்ளையின் கையைப் பிடித்து அவள் கையில் கொடுக்கவேண்டும். மூன்றாவது குரலுக்கும் கதவு திறக்காவிட்டால் குடையால் தட்டுவாள். அந்தக் குடைக்குப் பயந்தே எழுத்துப் படித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

பிள்ளை வராவிட்டால் போய்த் தேடு என்பது அவளுக்கு இட்ட உத்தரவு. வீடே காணாமல் போனால் என்ன செய்வது என்று உத்தரவில் இல்லை. அதை அவளாகவே எழுதிச் சேர்த்துக்கொண்டாள். ஜெலுத்தோங்கில் அத்தாப்பு ஓலைக் குடிசைகள் எரிந்தபோது, எரிந்த வீட்டுப் பிள்ளைகளோடு அவர்களுடைய தாய் தகப்பனையும் கூட்டி வந்து பள்ளிக்கூடத்துக்குள்ளேயே படுக்க வைத்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு தாயின் மூன்று பிள்ளைகளையும் சபையின் சரஸ்வதி பூஜை மேடைக்குப் பின்னால் தங்கவைத்து, பூஜைப் பொங்கலைக் கொண்டே வளர்த்தாள். இதையெல்லாம் சபை ஆண்டு விழாவில் தன் தொண்டு என்று சொல்லிக்கொண்டது. மற்ற நாளில் சிவகாமியின் கொழுப்பு என்று சொன்னது.

அப்புறம் ரப்பர் விலை விழுந்தது. சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களில் பாலெடுக்க மரங்களை வெட்டாமல் விட்டார்கள், வேலையிலிருந்து ஆட்களைத்தான் வெட்டினார்கள். பிழைப்புப் போன குடும்பங்கள் படகேறி டவுனுக்கு வந்து அஞ்சடியில் படுத்தன. அஞ்சடி என்றால் கடைகளுக்கு முன்னால், மாடிக்குக் கீழே, ஐந்தடி அகலத்தில் தெரு நீளத்துக்கும் ஓடுகிற நடைபாதை. மழை படாது. வெயில் படாது. கௌரவமுள்ளவர்களின் கண்ணும் படாது.

சிவகாமியின் கண் பட்டது. ரதம் போகும் கடைத்தெருவின் சந்து முனையில், மீரா சாகிப் என்பவரின் தேங்காய் மண்டிக்கு முன்னால் இருந்த அஞ்சடியில் பவுனு என்ற பெண்ணும் அவள் மகள் அஞ்சலையும், இன்னும் சில தாய்மாரும் பிள்ளைகளும் குடியிருந்தார்கள். ஒரு காலையில் சிவகாமி போய் நின்று, "அஞ்சலை! அஞ்சலை! அஞ்சலை!" என்று மூன்று தடவை கூப்பிட்டாள்.

பவுனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்துலதானே உட்கார்ந்திருக்கா. வாசலே இல்லாத எடத்துல எங்க நின்னு கூப்பிடுறீங்க அக்கா?"

"நான் நிக்கிற எடம் வாசல். புள்ளைய எந்திரிச்சு வரச் சொல்லு."

இப்படியாக அஞ்சடிப் பிள்ளைகள் நீலப் பாவாடை கட்டிக்கொண்டு வரிசையாகப் பள்ளிக்கூடம் வந்தார்கள். அங்கே மத்தியானம் ஒரு கிண்ணம் கஞ்சி உண்டு. அஞ்சலைக்கு எழுத்தும் பிடித்தது, கஞ்சியும் பிடித்தது. எது அதிகம் பிடித்தது என்று கேட்பவன் பசியறியாதவன்.

உத்திரத்துக்கு முந்தின வாரம் சபையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். சிவகாமிக்கும் சொல்லி அனுப்பினார்கள். அவள் வாசற்படி ஓரமாக நின்றாள்.

"சிவகாமி, நம் பள்ளிக்கூடம் கலைமகள் வாசம் செய்யும் ஆலயம்" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"ஆமாங்க. ரெண்டு எடத்துல ஒழுகுது."

தலைவர் அதைக் கேட்காதவர்போல் மீசையைத் தடவினார். "நேற்று நான் ஒரு துரையோடு காரில் வந்துகொண்டிருந்தேன். தெருக் குழாயடியில், நம் பள்ளி நீலப் பாவாடையோடு ஒரு பெண் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறது! 'மிஸ்டர் சொக்கநாதன், இது உங்கள் பள்ளியா?' என்று துரை கேட்கிறார். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?"

"புள்ள முகம் கழுவினது குத்தமாங்க? கழுவாம வர்ற வீட்டுப் புள்ளைங்க பேரைச் சொல்லட்டுமா?"

கமிட்டியில் இரண்டு பேர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்கள்.

"விதண்டாவாதம் வேண்டாம். வீடில்லாத பிள்ளைகள் இனி நம் பள்ளியில் கிடையாது. உத்திரம் கழிந்த திங்கட்கிழமையிலிருந்து நிறுத்திக்கொள்."

சிவகாமி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "நிறுத்திரலாம். எது வீடு, எது வீடில்லன்னு மட்டும் சொல்லிருங்க. எனக்குத் தெரியணும்ல?"

இதென்ன கேள்வி என்று எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் செயலாளர் தேனப்பன் தொண்டையைச் செருமினார்.

"நாலு சுவர் இருக்கணும். கதவு இருக்கணும். நமக்கே நமக்குன்னு பூட்டு இருக்கணும்."

தேனப்பன் கிட்டங்கித் தெருவில், கூடம் நிறைய ஆட்கள் தங்குகிற ஒரு கிட்டங்கியில் இருந்தார். அங்கே அவருக்கே அவருக்கென்று இருந்தது ஒரு பெட்டியும் ஒரு பாயும்தான். பக்கத்தில் இருந்தவர் அதை ஞாபகப்படுத்தினார்.

"கிட்டங்கி வேற, வீடு வேற!" தேனப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊர்ல எனக்கு ரெண்டு கட்டு வீடு இருக்குங்காணும்!"

"பவுனுக்கும் ஊர்ல குடிசை இருக்குதாம். உங்க ரெண்டு பேருக்குமே கப்பல் தூரந்தான்" என்றாள் சிவகாமி.

தலைமை ஆசிரியர் சந்திரசேகரன் மெதுவாக, வாடகை கொடுக்கிறவன் இருக்கும் இடம் வீடு என்று வைத்துக்கொள்ளலாமே என்றார். அப்படி வைத்தால் தலைவருக்கே வீடில்லை, அவர் யாருக்கும் வாடகை கொடுப்பதில்லை. ஆசிரியர் தம் யோசனையைத் தாமே வாபஸ் வாங்கிக்கொண்டார். கூரை என்றார் ஒருவர். அஞ்சடிக்கும் கூரை உண்டு. அடுப்பு என்றார் இன்னொருவர். பவுனிடம் மூன்று கல் வைத்த அடுப்பு உண்டு. அடுப்பில் வைக்கத்தான் எதுவும் இல்லை.

அப்போதுதான் தலைவர் எழுந்தார். அவர் எழுந்தால் வார்த்தைகளும் கூடவே எழுந்து நிற்கும்.

"அன்பர்களே! சுவரும் கூரையும் மாட்டுக் கொட்டகைக்கும் உண்டு. தெய்வம் மிதிப்பதுதான் வாசல்! நம் முருகப்பெருமானின் ரதம் எந்த வாசலில் நின்று அர்ச்சனை ஏற்கிறதோ அதுவே வீடு! அந்த வீட்டுப் பிள்ளையே நம் பிள்ளை!"

கைதட்டல் ஓய நேரமாயிற்று. கிட்டங்கி வாசலில் ரதம் நிற்கும் என்பதால் தேனப்பன் கடைசி வரைக்கும் தட்டினார்.

"இதான் முடிவா?" என்றாள் சிவகாமி.

"சொக்கநாதன் சொன்னால் சொன்னதுதான்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல? சரி, நான் வர்றேன்."

ரதத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. போகிற வழியில் எவர் தட்டேந்தி நின்றாலும் அது நிற்கவேண்டும். தேங்காய் உடைபடும் வரை நகரக்கூடாது. ஒரு வருஷம் அவசரத்தில் ஒரு தட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அடுத்த முனையில் அச்சு முறிந்தது. ஆணி சரியில்லை என்று தச்சர் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அதற்கப்புறம் தட்டைத் தாண்டுகிற தைரியம் எவருக்கும் இல்லை. அஞ்சடிக்காரர்கள் தட்டேந்த மாட்டார்கள் என்பதில் சபைக்கு நம்பிக்கை இருந்தது. ரதம் வருகிற அன்று அவர்களாகவே மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்சந்துக்குப் போய்விடுவார்கள்.

சிவகாமி நேராக மீரா சாகிப்பின் மண்டிக்குப் போய், ரதத்தை அங்கே நிறுத்தப் போவதைச் சொன்னாள்.

"என்ன அக்கா, என் கடை முன்னால சாமி ஊர்வலத்த நிறுத்தப் போறீங்களா?" என்றார் அவர்.

"கடைதான் உங்களது, பாய். அஞ்சடி ஊரோடது."

"நல்லாருக்கு லா! வரி கட்டுறப்ப அது என்னோடதுங்கிறாங்க. நீங்க ஊரோடதுங்கிறீங்க. பவுனு கூட்டிப் பெருக்கி, அது அவ வீடுங்கிறா. எனக்கே தெரியாம நான் எத்தனை பேருக்கு வித்தேன்?"

"தேங்காய் வேணும்."

"எடுத்துக்கிடுங்க. எத்தனை?"

"இருக்கிறது எல்லாம்."

மீரா சாகிப் நிமிர்ந்து பார்த்தார். "சாமிக்கு ஒண்ணு போதாதா?"

"சாமிக்கு ஒண்ணே போதும். தலைவருக்குத்தான் நிறைய வேணும்."

அவருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார். கொப்பரை விலையும் விழுந்து, மண்டியில் தேங்காயெல்லாம் குருத்து விட்டுக்கொண்டு கிடந்தது. "உடைங்க, உடைங்க. உடைச்ச சில்ல மட்டும் பொறுக்கி வெயில்ல காயப்போட்டுத் தந்துருங்க. அஞ்சடியில இதுகள் படுத்துக் கிடக்கிறதாலதான் என் கடைக்குள்ள திருடன் வர்றதில்ல. எனக்கும் அதுகளுக்கு ஏதாச்சும் செய்யணும்ல?"

சிக்கல் மீரா சாகிப்பிடம் இல்லை, பவுனிடம்தான் இருந்தது.

"நாங்க தட்டு ஏந்துறதா? ஏசுவாங்க அக்கா. வெரட்டுவாங்க. இந்த எடமும் போயிரும்."

"ஏசுவாங்கதான். நீ தோட்டத்துல கேக்காத ஏச்சா?"

"அது பழகின ஏச்சு. இது சாமி முன்னால."

"சாமி முன்னாலதான் கேக்கணும். வேற எங்க கேட்டாலும் அந்த ஆளுக்குக் காது அடைச்சுக்கும்." சிவகாமி அஞ்சலையைக் காட்டினாள். "திங்கக்கிழம நான் வந்து இவ பேரைக் கூப்பிடணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லு."

பவுனு மகளைப் பார்த்தாள். அவள் சாக்குக் கட்டியால் அஞ்சடித் தூணில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து, சின்னதாக இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, பக்கத்திலேயே பெரிதாக இன்னொன்று எழுதினாள்.

"தட்டு யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள் பவுனு.

மீரா சாகிப்பின் மனைவி சபூரா, கல்யாணத்துக்கு வெற்றிலை வைக்கிற தாம்பாளத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தனுப்பினாள்.

உத்திரத்தன்று சாயங்காலம் அஞ்சடியைக் கழுவி விட்டார்கள். தூணுக்குத் தூண் மாவிலை கட்டினார்கள். வயிற்றுக்கே இல்லாத அரிசியைத் தரையில் இறைப்பானேன் என்று சுண்ணாம்புப் பொடியில் கோலம் போட்டார்கள். சிவகாமி மாலை கட்டினாள். முருகனுக்கு ஒன்று, முழத்தில் அடங்கியது. தலைவருக்கு ஒன்று, முழங்கால் வரைக்கும் தொங்கியது.

அதிலும் ஒரு வழக்கம் உண்டு. ரதம் நிற்கிற வாசலில் முதல் மாலை சாமிக்கு, இரண்டாவது மாலை சாமிக்கு முன்னால் நடந்து வரும் தலைவருக்கு. தேங்காய்ச் சத்தம் கேட்டால் காளைகள் நிற்கும்; சம்பங்கி வாசனை பட்டால் தலைவர் நிற்பார். வருஷக்கணக்கில் பழக்கி வைத்தது. நாலாவது வாசலுக்கு வருவதற்குள் அவர் யார் என்ன என்று பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணை மூடிக் கழுத்தை மட்டும் நீட்டிக்கொண்டு வருவார்.

அன்றும் அப்படித்தான் வந்தார். நாதஸ்வரக்காரர் சந்து முனையில் தாம்பாளத்தைக் கண்டு நின்றார். காளைகள் நின்றன. தலைவர் நின்று, கண்ணை மூடி, கழுத்தை நீட்டினார். அஞ்சலை தேங்காய் மூட்டை மேல் ஏறி நின்று மாலையைப் போட்டாள். அதன் கனத்தில் தலைவரின் முகம் மலர்ந்தது.

"யார் பேருக்கு அர்ச்சனை?" என்று குருக்கள் ரதத்திலிருந்து குனிந்தார்.

"அஞ்சலை பேருக்குங்க."

"வீடு?"

"இதாங்க."

குருக்கள் கோலத்தைப் பார்த்தார், மாவிலையைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். அதற்கு மேல் பார்ப்பது அவர் தொழில் அல்ல. மந்திரம் ஆரம்பமாயிற்று, மணி அடித்தது, கர்ப்பூரம் எரிந்தது, தேங்காய் உடைந்தது. எல்லாம் முடிந்து தலைவர் கண்ணைத் திறந்தார்.

எதிரில் கதவு இல்லை. கிழிந்த பாய் நாலு சுருட்டி வைத்திருந்தது.

"யார் வாசல் இது?"

"எங்க வாசலுங்க" என்றாள் பவுனு. தட்டை இறக்கவில்லை.

"சீ! ஓட்டு! ஓட்டடா வண்டியை!"

வண்டிக்காரன் தார்க்குச்சியை ஓங்கினான். சிவகாமி ஒரு தேங்காயை எடுத்துத் தெருவில் எறிந்தாள். படீர் என்றது. காளைகள் எடுத்த காலைத் திரும்ப வைத்தன.

"தேங்கா உடையுதுங்க. நகரக்கூடாது" என்றாள். "இது அஞ்சலை வாசல்!"

அடுத்த தாய் தன் பிள்ளை பெயரைச் சொல்லி ஒன்று உடைத்தாள். அவளுக்கடுத்தவள் அவள் பிள்ளைக்கு. எல்லாப் பிள்ளைகளும் முடிந்ததும் மறுபடி அஞ்சலையிலிருந்து ஆரம்பித்தார்கள். ரிக்‌ஷாக்காரர்கள் கூடிவிட்டார்கள். துறைமுகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தொங்கான் கூலிகள், தலைவரிடமே வேலை பார்ப்பவர்கள், ஆளுக்கொரு தேங்காயைக் கையில் எடுத்தார்கள். பக்தி ஒரு பங்கு, மிச்சம் முதலாளி மேல் பிரியம்.

"அவசரப்படாதீங்க, எல்லாருக்கும் இருக்கு! உள்ள இன்னும் மலையாட்டம் கெடக்கு லா!" என்று மண்டிக்குள்ளிருந்து மீரா சாகிப்பின் குரல் கேட்டது.

தேனப்பன் தலைவரின் காதுக்குப் போனார். "அண்ணே, பங்களாவுல துரையும் துரைசானியும் வந்து உட்கார்ந்திருப்பாங்க. இருட்டிருச்சுன்னா ரதத்துப் பூச்சு தெரியாது."

"சிவகாமி! நான் சொன்னது நிஜமான வாசலை!"

"மாலையும் நிஜமான மாலைதானுங்களே? இது வாசல் இல்லன்னா அந்த மாலையும் உங்களுக்கு வந்தது இல்ல. கழட்டிக் குடுங்க. ரதத்த விட்டுர்றோம்."

மேளம் நின்றது. தெருவே அவருடைய கையைப் பார்த்தது. தலைவரின் கை மாலை வரைக்கும் போனது. தொட்டது. அன்று விழுந்ததிலேயே பெரிய மாலை. தாமாக ஒரு மாலையைக் கழற்றியது அவர் ஆயுளில் இல்லை. அதற்கான தசை அவர் தோளில் வளரவே இல்லை. கை கீழே இறங்கிவிட்டது.

"வீடுதான்" என்று முணுமுணுத்தார்.

"மேளக்காரருக்குக் கேக்கலயாம்."

"வீடுதான்!"

"புள்ளைங்க?"

"நம் பிள்ளைகள்தான்! ஓட்டித் தொலை!"

அன்றிரவு பங்களாவில், ஏழைகளின் வாசலில் ரதத்தை நிறுத்துவது தம் நெடுநாள் கனவு என்று அவர் துரைக்கு இங்கிலீஷில் விளக்கினாராம். மறுநாள் கமிட்டி கூடியது. ஊரறியச் சொன்ன வார்த்தையை விழுங்க முடியாது, ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டார்கள். சாமி ஊர்வலத்தைத் தாமதப்படுத்திய குற்றத்துக்காக, கூட்டி வருகிற வேலையிலிருந்து சிவகாமியை நீக்கினார்கள். ஒருமனதாக.

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் சந்திரசேகரன் நின்றுகொண்டிருந்தார். சிவகாமி குடையோடு முன்னால் வர, பின்னால் அஞ்சடிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அப்புறம் தெரு காலியாக இருந்தது.

"மத்த பிள்ளைங்க எங்கம்மா?" என்றார் ஆசிரியர்.

"எனக்கென்ன தெரியும் வாத்தியாரே? சபைக்கு நான் வேலைக்காரி இல்லயே. எங்க வீட்டுப் புள்ளைங்கள நான் கூட்டிட்டு வந்தேன். அவங்கவங்க வீட்டுப் புள்ளைய அவங்கவங்க கூட்டிட்டு வரட்டும்."

அன்று பெஞ்சியில் நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதினாள் அஞ்சலை. டவுனில் இருந்த பெரிய வீடுகளிலெல்லாம் பிள்ளைகள் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும் குரலுக்காக வாசலில் நின்றார்கள். வேறு ஆள் அனுப்பினால் தாய்மார் பிள்ளையின் கையை விடவில்லை. மகள் வீட்டு வாசலில் நின்ற தலைவரின் பேத்தி செவ்வாய்க்கிழமையும் நின்றது. புதன்கிழமை அழுதது. அதன் தாய் தன் தகப்பனாருக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வியாழக்கிழமை தலைவரின் கார் மீரா சாகிப் கடை முன்னால் வந்து நின்றது. அஞ்சடியில் சிவகாமியும் பவுனும் காய்ந்த சில்லுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவர்கள் தலை நிமிரவில்லை. மறுபடி அடித்தான்.

பவுனு எழுந்து காருக்குப் பக்கத்தில் போனாள்.

"இது வீடுங்க. வாசல்ல வந்து நின்னு கூப்பிடணும். மூணு தடவ."

மீரா சாகிப் தராசை விட்டுவிட்டு வெளியே வந்து நின்றார். எதிர்க்கடைக்காரரும் வந்தார். ரிக்‌ஷா ஒன்று தானாக நின்றது. கார்க் கதவு திறக்கச் சற்று நேரமாயிற்று. தலைவர் இறங்கினார். சுண்ணாம்புக் கோலம் இன்னும் முழுக்க அழியவில்லை. அதை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்.

"சிவகாமி" என்றார்.

அவள் ஒரு சில்லை எடுத்து, வெயிலில் திருப்பிப் பார்த்துவிட்டு, கூடையில் போட்டாள்.

"சிவகாமி."

"இன்னும் ஒண்ணு இருக்குங்க" என்றாள் பவுனு.